கேளுங்க சொல்றேன்: கடல் வாத்துக்கும் எண்ணூர் சேத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டு இதழுக்கு முன்னாடி எண்ணூர் ஆத்தப் பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, அலாஸ்காவுல ஒரு சின்ன கடல் வாத்தோட ஈரலப் பாத்து, கப்பல் எண்ணெய் கொட்டி இருபது வருஷம் ஆனப்புறமும் கரையில எண்ணெய் மிச்சம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப் மெசேஜும் இந்த பகுதி ஆரம்பிச்சதுலருந்து வேற எதுக்கும் வந்ததில்ல, அதுல பாதிக்கு மேல எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கத்துலருந்து. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சிட்டு பக்கம் முழுக்க இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: எண்ணூர் பாலத்து மேல பஸ்ல போறப்போ தண்ணியில முங்கி முங்கி எழுந்திரிக்குதே கறுப்பா, அதுதான் கடல் வாத்தா மேடம்? அப்புறம் கம்பத்து மேல ஏறி றெக்கைய விரிச்சிக்கிட்டு நிக்குது.
(வாசகி, தண்டையார்பேட்டை)

இல்லம்மா, அது நீர்க்காகம். றெக்கைய விரிச்சு காய வெக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சிடுச்சு, அது நீர்க்காகத்தோட வேல. நம்ம பக்கம் குளிர்காலத்துல வாத்தும் வருது, பழவேற்காட்டுல ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் பாக்கலாம், ஆனா அதெல்லாம் ஏரி, கழி, சதுப்புன்னு இருக்கற சாதி, தலைய கவுத்து மேலாக்க மேயும்.

நான் எழுதினது வேற கூட்டம். உலகத்துல மொத்தமே சுமார் இருபது வகைதான், கிட்டத்தட்ட எல்லாம் வடக்க குளிர் தேசத்துல இருக்கறது. ஐடர், ஸ்கோட்டர், நீளவால் வாத்து, ஹார்லெக்வின், கோல்டன்ஐ, மெர்கன்சர்னு பேரு. முட்ட வெக்கறது ஆத்தோரம், குட்டையோரம், தீவு மேல. மத்தபடி நிறைய வகைக்கு வாழ்க்கையில பெரும்பகுதி உப்புத்தண்ணியிலதான். கண்ணுக்கு மேல உப்ப பிரிச்செடுக்கற சுரப்பி ஒண்ணு இருக்கு, குடிச்ச உப்பு மூக்கு வழியா சொட்டிடும். நிறைய வகைக்கு சாப்பாடு என்னன்னா நண்டு, நத்தை, முக்கியமா மட்டி. ஐடர் வாத்து மட்டிய உடைக்காது, ஓட்டோட முழுசா முழுங்கிடும். கோழிக்கறி கடையில கீறி உரிச்சு குடுப்பாங்களே கெட்டியான ஒரு சதைப்பை, வாத்துக்கும் அது உண்டு, அந்த பைக்குள்ள போட்டு ஓட்ட நொறுக்கிடும். நீளவால் வாத்து 60 மீட்டர் ஆழம் வரைக்கும் முங்கும், நம்ம ஊர் இருபது மாடி கட்டடத்த தண்ணிக்குள்ள தலைகீழா கவுத்த மாதிரி.

மட்டிய சொல்றதுக்கு காரணம் இருக்கு. மட்டி சேத்துலயும் பாறையிலயும் ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு தண்ணிய உறிஞ்சி வடிகட்டி சாப்பிடற ஜீவன், தண்ணியில ஓடற உலோகம், எண்ணெய் எல்லாம் அதோட உடம்புல தங்கும். அந்த மட்டிய தினமும் வயிறு ரொம்ப திங்கற வாத்து உடம்புல அதே சரக்குதான் சேரும். கடலோட அடித்தரைய நம்மளால தினம் போய் பாக்க முடியாது, வாத்து தினம் போய் பாத்துட்டு வருது.

கேள்வி: 2023 டிசம்பர்ல புயல் வந்து எண்ணெய் கலந்தப்போ ஆறே கறுப்பா இருந்திச்சு. இப்ப தண்ணி தெளிவாதான் இருக்கு, எல்லாம் சரியாயிடுச்சுன்னும் சொல்றாங்க. ஆனா எறா பிடிக்க சேத்துக்குள்ள கைய விட்டா டீசல் வாசம் வருது, வீட்ல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அந்த வாத்து கதைய முழுசா எழுதுங்க.
(வாசகர், காட்டுக்குப்பம், எண்ணூர்)

அண்ணே, உங்க கை பொய் சொல்லாது. இந்த கேள்விக்குதான் நான் ரொம்ப இடம் எடுத்துக்கப் போறேன்.

1989 மார்ச் 24ஆம் தேதி எக்ஸான் வால்டீஸ்னு ஒரு எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவுல பிரின்ஸ் வில்லியம் சவுண்ட்ங்கற இடத்துல பாறையில ஏறி கிழிஞ்சிடுச்சு. சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கடல்ல. செத்த கடல் பறவை மட்டும் இரண்டரை லட்சம் இருக்கும்னு ஒரு மதிப்பீடு. ஆயிரக்கணக்கான ஆளுங்கள இறக்கி கரையெல்லாம் சுடுதண்ணி பீச்சி கழுவினாங்க. சில வருஷத்துல மேலப் பாக்க எல்லாம் சுத்தம், போட்டோ எடுத்தா அழகா இருக்கும், தண்ணி கண்ணாடி மாதிரி.

அங்க குளிர்காலம் பூரா தங்கற பறவைதான் ஹார்லெக்வின் வாத்து. ரொம்ப சின்னது, அரை கிலோ, அதுக்கு மேல கொஞ்சம், அவ்ளோதான் எடை. இதோட குணம் என்னன்னா வருஷா வருஷம் அதே கரைக்கு திரும்பி வரும், அந்த கரையோரத்துலயே கல்லு கல்லா தேடி நத்தையும் சின்ன நண்டும் பொறுக்கி தின்னும், வேற இடத்துக்கு நகராது. உடம்பு சின்னது, தண்ணி ஜில்லு, பகல் கம்மி, அதனால வெளிச்சம் இருக்கற நேரம் பூரா தின்னுக்கிட்டே இருந்தாதான் உயிர் தாங்கும். பிழைக்கிறதுக்கும் சாகறதுக்கும் நடுவுல நூல் அளவு இடம்தான் அதுக்கு.

ஆராய்ச்சி பண்றவங்க என்ன செஞ்சாங்கன்னா, வாத்துக்கு வருஷத்துல ஒரு தடவ றெக்க முடி மொத்தமா கொட்டும், மூணு நாலு வாரம் பறக்க முடியாது, அந்த நேரமா பாத்து சின்னச் சின்ன துடுப்புப் படகுல போயி மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து கரையோரம் கட்டி வெச்ச வலை அடைப்புக்குள்ள விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல தாரா ஓட்டறவங்க கோலை நீட்டி ஓட்டுவாங்களே அந்த மாதிரியேதான். சிலதுக்கு மயக்க மருந்து குடுத்து ஈரல்லருந்து துளி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. எண்ணெயில இருக்கற சில நச்சு உள்ள போச்சுன்னா அத உடைக்கறதுக்காக ஈரல் ஒரு என்சைம அதிகமா சுரக்கும், சைட்டோகுரோம் பி450ங்கற குடும்பத்துல ஒண்ணு. எண்ணெய் நின்னுட்டா அதுவும் இறங்கிடும். அதனால இன்னிக்கு அந்த என்சைம் ஏறி இருந்தா இன்னிக்கோ போன வாரமோ எண்ணெய் உள்ள போயிருக்குன்னு அர்த்தம், பழைய கணக்கு இல்ல.

எண்ணெய் பட்ட கரை வாத்தையும், எண்ணெய் படாத மான்டேகு தீவுப் பக்கத்து வாத்தையும் பக்கத்துல வெச்சு பாத்தாங்க. எண்ணெய் பட்ட பக்கத்து வாத்துக்கு என்சைம் கூட. அது 2011 வரைக்கும் கூடவே இருந்துச்சு. அதாவது 22 வருஷம்! எப்படின்னா, மேல இருக்கற எண்ணெய்தான் கழுவிட்டுப் போச்சு, கூழாங்கல்லுக்கு அடியில, காத்து போகாத சேத்துல இறங்கினது அப்படியே உக்காந்துடுச்சு. ஆக்ஸிஜன் இல்லாத இடத்துல எண்ணெய திங்கற பாக்டீரியா சரியா வேல செய்யாது. வாத்து கல்லப் புரட்டி இரை தேடறப்போ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு.

சரி உள்ள போனா என்ன, செத்தா போச்சுன்னு கேப்பாங்க. 1995லருந்து 98 வரைக்கும் பொட்ட வாத்துகளுக்கு சிக்னல் குடுக்கற சின்ன ரேடியோ வெச்சு எண்ணிப் பாத்தாங்க. எண்ணெய் படாத பக்கம் குளிர்காலத்த தாண்டினது நூத்துக்கு 84 கிட்ட, பட்ட பக்கம் 78. ஆறுதானே வித்தியாசம்னு தோணும், நானும் மொதல்ல படிச்சப்போ அப்படித்தான் தாண்டிப் போயிட்டேன், அப்புறம் ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாத்தேன். நூறு வாத்துல ஆரம்பிச்சா அஞ்சு குளிர்காலம் தாண்டினா ஒரு பக்கம் 42 நிக்கும், இன்னொரு பக்கம் 29தான். ஹார்லெக்வின் ரெண்டு மூணு வயசாகாம முட்ட வெக்காது, வெச்சாலும் குஞ்சு பிழைக்கறது கம்மி, இந்த சாதியே பெரிய வாத்து நீண்ட நாள் உசுரோட இருந்தாதான் ஓடும். அதுல கை வெச்சா கூட்டம் எந்திரிக்கவே முடியாது.

அலாஸ்கா குளிர் தேசம், நம்ம வெயிலுக்கு எண்ணெய் சீக்கிரம் சிதைஞ்சிடும்னு சொல்றவங்க உண்டு. மேல மிதக்கறதுக்கு அது சரி. ஆனா பனாமாவுல 1986ல ஒரு எண்ணெய்க் கசிவு, அது நம்மள மாதிரி சூடான ஊரு, அங்க அலையாத்திக் காட்டுச் சேத்துல இறங்கின எண்ணெய் பல வருஷம் ஆகியும் கசிஞ்சிக்கிட்டே இருந்துச்சுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. எண்ணூர்லயும் அலையாத்தி இருக்கு, காத்து போகாத கறுப்புச் சேறும் இருக்கு. அதனால தண்ணி தெளிஞ்சிடுச்சுங்கறத வெச்சு சேறு சரியாயிடுச்சுன்னு யாரும் முடிவு பண்ணக் கூடாது, சேத்த எடுத்து டெஸ்ட் பண்ணணும், அதுவும் ஒரு தடவ இல்ல, வருஷா வருஷம். 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ எர்ணாவூர் கரையில பசங்க பக்கெட்ல அள்ளினாங்களே, நான் அன்னிக்கு அங்க நின்னேன், தார் காய்ச்சின மாதிரி கெட்டியா, ஒரு பக்கெட்ட தூக்க ரெண்டு பேர் வேணும். அள்ள முடிஞ்சத அள்ளினாங்க. கல்லு இடுக்குல போனது என்ன ஆச்சுன்னு நான் இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

கேள்வி: வாத்து இறகுலயே எண்ணெய் இருக்குன்னு எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. அப்புறம் எண்ணெய் பட்டா ஏன் சாகுது?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்)

ரொம்ப நல்ல கேள்வி பாப்பா. மிஸ் சொன்னது சரி, வால்கிட்ட ஒரு சுரப்பி இருக்கு, அதுல வர்ற மெழுகு மாதிரி எண்ணெய அலகால எடுத்து இறகுல தடவிக்கும். ஆனா தண்ணி உள்ள போகாம பாத்துக்கறது பெரும்பாலும் அந்த எண்ணெய் இல்ல, இறகோட பின்னல். ஒரு காக்கா இறகோ புறா இறகோ எடுத்து கையால பிரிச்சுப் பாரு, கிழிஞ்ச மாதிரி ஆகும், திருப்பி விரலால நீவி விட்டா ஒட்டிக்கும், ஸ்கூல் பேக் ஜிப் மாதிரி. அதுல கண்ணுக்கு தெரியாத கொக்கிங்க இருக்கு. கச்சா எண்ணெய் பட்டா அந்த கொக்கியெல்லாம் ஒட்டிக்கிட்டு கொத்து கொத்தா பிரிஞ்சிடும், ஓட்டை விழும், ஜில்லு தண்ணி தோல் வரைக்கும் போயிடும், உள்ள இருக்கற பொசு பொசு முடியில அடைஞ்சிருக்கற காத்தும் போயிடும். குளிர்ல நடுங்கும், மிதக்க முடியாது. அத சரி பண்றேன்னு அலகால கோதும், கோதும்போது எண்ணெய் வயித்துக்குள்ள போகும்.

2023 டிசம்பர்ல எண்ணூர்ல கூழைக்கடா பாதி உடம்பு பழுப்பா நின்னுச்சு இல்ல, பேப்பர்ல வந்துச்சு. இன்னொரு தடவ அப்படி ஏதாவது பறவைய பாத்தா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சோப்பு போட்டு கழுவாத. கழுவறது தெரிஞ்சவங்க பண்ற வேல, அதுக்கு முன்னாடி அந்த பறவைக்கு சூடும் தெம்பும் வரணும், இல்லன்னா கழுவும்போதே செத்துடும். பெரியவங்கள கூப்பிடு, துண்டு விரிச்ச அட்டைப்பெட்டி, இருட்டா அமைதியா ஒரு இடம், வனத்துறைக்கு போன். சாப்பாடு திணிக்க வேணாம்.

கேள்வி: ஐஸ் உருகினா வாத்துக்கு நல்லதுதானே, நிறைய தண்ணி கிடைக்கும்?
(ஆறாம் வகுப்பு மாணவர், கொருக்குப்பேட்டை)

தண்ணி கிடைக்கும் தம்பி, கரடியும் வரும். கனடாவுல ஹட்சன் விரிகுடா பக்கம் பனிக்கரடி ஐஸ் மேல நின்னுதான் சீல் பிடிக்கும். ஐஸ் சீக்கிரம் உடைஞ்சிட்டா பசியோட தீவுக்கு நீந்தி வந்து ஐடர் வாத்தோட கூடுகள வரிசையா காலி பண்ணுது, ஒரு கரடி ஒரு தீவு முட்டைய முடிச்சிடும். இன்னொண்ணு, சில வாத்துக்கு முங்கி எழுந்ததும் ஏறி உக்காந்து ஓய்வெடுக்க ஐஸ் வேணும்.

கேள்வி: நான் வலை கட்டறவன். ஈயக்குண்டு ஆபத்துன்னு என் பொண்ணு படிச்சிட்டு வந்து சண்ட போடறா. நாப்பது வருஷமா தொட்டுக்கிட்டுதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. வாத்துக்கும் ஈயத்துக்கும் ஏதாவது இருக்கா?
(வாசகர், காசிமேடு)

அண்ணே, பொண்ணு பக்கம்தான் நான். ஈயம்னாலே ஆராய்ச்சி பண்றவங்க மொதல்ல வாத்தத்தான் சொல்லுவாங்க. பறவைக்கு பல் கிடையாது, அதனால சின்னச் சின்ன கல்ல பொறுக்கி முழுங்கி அந்த சதைப்பையில வெச்சுக்கிட்டு இரைய அரைக்கும். துப்பாக்கி ரவையில இருக்கற ஈய உருண்டை கல்லு மாதிரியே இருக்கும், கிளிஞ்சல் மாதிரியும் தெரியும், முழுங்கிடும். உள்ள கல்லோட கல்லா அரைபட்டு, வயித்து ஆசிட்ல கரைஞ்சு ரத்தத்துல ஏறும். ரத்தம் ஊறறதுக்கு வேண்டிய ஒரு என்சைம முடக்கும், நரம்ப பிடிக்கும், அப்புறம் அந்த சதைப்பையே அசையாது. தொண்டை வரைக்கும் இரை இருக்கும், பறவை பட்டினியில சாகும். றெக்க தொங்கிப்போயி நிக்கும், பாக்க முடியாது.

அலாஸ்காவுல யூகான் கஸ்கோக்விம் டெல்டான்னு ஒரு பெரிய சதுப்பு நிலம். அங்க கண்ணாடி போட்ட மாதிரி கண்ணச் சுத்தி வட்டம் இருக்கற ஐடர் ஒண்ணு, ஸ்பெக்டகில்டு ஐடர்னு பேரு, 1970கள்லருந்து 1990கள் தொடக்கத்துக்குள்ள நூத்துக்கு 96 அங்கிருந்து காணாம போச்சு. ஏன்னு தேடறப்போ கிடைச்ச காரணத்துல ஒண்ணு, வேட்டைக்காரங்க வருஷக்கணக்கா சுட்ட ரவை குட்டைக்கு அடியில கிடந்தது. தாய் வாத்துகள பிடிச்சு ரத்தம் பாத்தாங்க, ஈயம் ஏறினதுல பாதிக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள செத்துடுச்சு, ஏறாததுல கால்வாசி கூட சாகல. அமெரிக்காவுல நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைய 1991லயே நாடு முழுக்க தடை பண்ணிட்டாங்க, இருந்தாலும் குட்டையில கிடக்கற பழசு அப்படியேதான் கிடக்கும். இங்கிலாந்துல தூண்டில்ல மாட்டற சின்ன ஈயக்குண்டால அன்னப்பறவை செத்துக்கிட்டே இருந்துச்சு, 1987ல அத தடை பண்ணாங்க, அப்புறம் அன்னம் பெருகிடுச்சு.

உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்கீங்க. ரத்தத்துல பாத்தாதான் தெரியும், ஆஸ்பத்திரியில எப்பவாவது போனா ஈயம் பாக்க சொல்லுங்க. நான் பயப்படறது உங்கள விட வீட்டுப் பிள்ளைங்களுக்கு. ஈயத்த உருக்கி ஊத்தற வேலைய சமையல் அடுப்புல, சமைக்கற சட்டியில பண்ணவே கூடாது, வெளிய காத்தோட்டமா பண்ணணும். வலை கட்டிட்டு கை கழுவாம பேரப்பிள்ளைக்கு சோறு ஊட்டக் கூடாது. குழந்தைக்கு இவ்ளோ ஈயம் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மத்தபடி உங்க தொழில நான் குத்தம் சொல்லல அண்ணே.

வலைன்னதும் இன்னொண்ணு. ஐரோப்பாவுல பால்டிக் கடல்ல 1992-93ல நீளவால் வாத்து 43 லட்சம் இருந்துச்சு, 2007-09ல எண்ணினப்போ 15 லட்சம். கப்பல் எண்ணெயும் வலையும்தான் அதுல பெரிய பங்குன்னு நினைக்கறாங்க. நம்ம தங்கூசி வலை மாதிரி மெல்லிசா தண்ணிக்குள்ள தெரியாம நிக்கற செவுள் வலையில, மட்டிக்காக முங்கற வாத்து மாட்டி மூச்சு முட்டி செத்துடுது. பறவை நடமாட்டம் இருக்கற நேரம், இருக்கற ஆழம் பாத்து வலை விடற மாதிரி மாத்த முடியுமான்னு அங்க மீனவங்களோட உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க. மீனவங்கள உக்கார வெச்சு பேசறாங்கங்கறது எனக்கு பிடிச்சிருக்கு.

கேள்வி: பொன்னேரி பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல தாரா மேய்க்கறோம். போன வருஷம் ராத்திரி நல்லா இருந்தது காலையில எழுபது செத்துக் கிடந்துச்சு. காட்டு வாத்துக்கும் இப்படி சீக்கு வருமா?
(வாசகர், மீஞ்சூர்)

வரும் தம்பி, உங்க எழுபத படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. ராத்திரி நல்லா இருந்து காலையில சாகறதுக்கு பல சீக்கு காரணம் ஆகலாம், அதுல ஒண்ணு வாத்து காலரா. பாஸ்சுரெல்லா மல்டோசிடான்னு ஒரு பாக்டீரியா. நூத்தம்பது வருஷம் கிட்ட ஆச்சு, லூயி பாஸ்டர் கோழிக்கு வர்ற இதே கிருமிய வெச்சுதான் வீரியம் குறைச்சு தடுப்பூசி போடலாம்னு கண்டுபிடிச்சாரு, எருமைக்கு தொண்டை அடைப்பான் வர்றதும் இதே கிருமியோட இன்னொரு வகையாலதான்.

கனடாவோட வடக்குல சவுத்தாம்ப்டன் தீவு பக்கத்துல ஒரு குட்டித் தீவு, ஆயிரக்கணக்குல ஐடர் கூடு. 2005ல இந்த காலரா அங்க வந்துச்சு. தாய் ஐடர் முட்டை மேல 24, 25 நாள் உக்காரும், அத்தனை நாளும் கிட்டத்தட்ட பட்டினி, எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சிடும், நடுவுல எழுந்து போயி குட்டையில தண்ணி மட்டும் குடிச்சிட்டு வரும். கூடு நெருக்கம், தெம்பு இல்லாத உடம்பு, எல்லாரும் குடிக்கற அதே குட்டை. கூட்டுலயே உக்காந்த நிலையில செத்துச்சுங்க, அடியில முட்டை. வருஷா வருஷம் திரும்பி வந்துச்சு அந்த சீக்கு. தன் நெஞ்சு முடியப் பிடுங்கி கூட்டுல மெத்தை போட்டு வெச்சிருக்கும் அந்த தாய், அது மேலயே சாகறது எனக்கு மறக்கவே இல்ல.

அமெரிக்காவுல கேப் காட் பக்கம் 1998லருந்து ஐடர் கூட்டமா செத்து ஒதுங்கிச்சு, அதுலருந்து புதுசா ஒரு வைரஸ கண்டுபிடிச்சு வெல்ஃபிளீட் பே வைரஸ்னு அந்த ஊர் பேரே வெச்சாங்க. 2022ல எச்5என்1 பறவைக்காய்ச்சல் கனடாவுல செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்து ஐடர் கூட்டத்துல புகுந்துச்சு. காட்டுப் பறவை செத்தா கணக்கு வெக்க ஒரு ஆள் வேணும், அங்க அது இருந்ததால தெரிஞ்சுது.

நீங்க பண்ண வேண்டியது: செத்தத வாய்க்கால்ல வீசாதீங்க, ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைங்க, சீக்கு வந்தத தனியா பிரிங்க, வெறுங்கையால அறுக்காதீங்க. சாவு ஆரம்பிச்ச அன்னிக்கே, பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டு, புதுசா செத்த ஒண்ண ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி ஐஸ் வெச்சு எடுத்துட்டு போங்க. மாதவரம் பால்பண்ணை பக்கம் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கு, வேப்பேரியில கால்நடை கல்லூரி இருக்கு, என்ன சீக்குன்னு தெரியாம ஊசி வாங்கிப் போட்டா காசுதான் வேஸ்ட்.

கேள்வி: வாத்து வயித்த கிழிச்சு உள்ள மெஷின் வெக்கறாங்கன்னு யூடியூப்ல பாத்தேன். பாவம் இல்லயா? நம்ம ஊர்ல இல்லாத வாத்துக்கு இவ்ளோ செலவு எதுக்கு?
(வாசகர், வியாசர்பாடி)

பாவம்தான். நான் அத மழுப்ப மாட்டேன். மொதல்ல முதுகுல பட்டை கட்டித்தான் பாத்தாங்க, முங்கற வாத்துக்கு பட்டை இறகத் தேய்ச்சு தண்ணி உள்ள விட்டுடுது, அதனால 1990கள்ல டாக்டர வெச்சு மயக்கம் குடுத்து வயித்துக்குள்ள சின்ன டிரான்ஸ்மிட்டர் வெச்சு ஆன்டெனாவ மட்டும் வெளிய விட ஆரம்பிச்சாங்க. சிலது செத்தும் போகுது. வளர்ப்பு ஐடர்ல சோதிச்சுப் பாத்து, அந்த கம்பி நீட்டிக்கிட்டிருந்தா கீழ முங்கற வேகம் குறையுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சு அவங்களே எழுதினாங்க. தன் கைவேலையால வர்ற கெடுதலையும் அளந்து வெளிய சொல்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு.

கிடைச்சது என்னன்னு கேளுங்க. மேல சொன்ன கண்ணாடிக்கார ஐடர் குளிர்காலத்துல எங்க போகுதுன்னு 1995 வரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாது. 1993லயே அழியற ஆபத்துல இருக்கற பறவைன்னு சட்டப்படி அறிவிச்சாச்சு, ஆனா வருஷத்துல பாதி நாள் எங்க இருக்குன்னே தெரியாத பறவைய யார் காப்பாத்தறது? ஒரு டிரான்ஸ்மிட்டர்லருந்து வந்த சிக்னல பிடிச்சு பிளேன்ல போனாங்க, பெரிங் கடல் நடுவுல, எங்க பாத்தாலும் ஐஸ், அந்த ஐஸ்ல சின்னச் சின்ன திறப்பு, அதுல வாத்து வாத்து வாத்து, தண்ணியே தெரியாம நெருக்கமா. அப்புறம் போட்டோ எடுத்து எண்ணினப்போ 3 லட்சத்துக்கும் மேல. உலகத்துல இருக்கற அந்த சாதி வாத்து கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே இடத்துல. அங்க மட்டும் ஒரு கப்பல் எண்ணெய் கொட்டியிருந்தா கதை முடிஞ்சிருக்கும், இப்ப தெரிஞ்சதால வரைபடத்துல கோடு போட்டு வெச்சிருக்காங்க.

நம்ம ஊருக்கு எதுக்குன்னா தம்பி, நமக்கு வேணுங்கறது அந்த வாத்து இல்ல, அந்த பழக்கம். காட்டுக்குப்பத்து அண்ணன் கையில டீசல் வாசம் அடிக்குதுன்னு சொல்றத வீட்ல கூட நம்பல, ஒரு வாத்து ஈரல் டெஸ்ட் மாதிரி ஒரு காகிதம் இருந்திருந்தா கோர்ட்லயே நம்புவாங்க.

கேள்வி: நாங்க ராயபுரம் பக்கம் காலேஜ்ல விலங்கியல் படிக்கறோம், ஆறு பேர். எங்ககிட்ட லேப் கிடையாது, காசும் கிடையாது. எண்ணூர்ல நாங்க என்ன பண்ண முடியும் மேடம்?
(வாசகி, ராயபுரம்)

ஆறு பேர் தாராளம். பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் நின்னதே ரெண்டே காலு மேலதான், அதே இடத்துக்கு திரும்பத் திரும்ப போறது, எண்ணெய் பட்ட இடத்தையும் படாத இடத்தையும் சேத்து பாக்கறது. அதனால ரெண்டு இடம் எடுத்துக்கோங்க, ஒண்ணு முகத்துவாரம் பக்கம், இன்னொண்ணு பழவேற்காடு ஏரியில அதே மாதிரி சேறும் ஆழமும் இருக்கற ஒரு துண்டு. மாசம் ஒரு நாள், கடல் தண்ணி இறங்கி வத்தம் இருக்கற நேரம், ஒரு மணி நேரம் நின்ன இடத்துலருந்து எண்ணுங்க. நீர்க்காகம், கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், கொக்கு, அவ்ளோ போதும் மொதல்ல. பறவையே இல்லன்னாலும் பூஜ்யம்னு எழுதணும், நிறைய பேர் அத விட்டுடறாங்க. இறகுல கறை இருந்தா அத தனி கட்டத்துல எழுதுங்க. ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015லருந்து நடக்குது, ஆசிய நீர்ப்பறவை கணக்கெடுப்பு 1987லருந்து, உங்க எண்ணிக்கைய, பறவை பாக்கறவங்க பதிவு பண்ற ஈபேர்ட் வெப்சைட்ல ஏத்தினா இதோடயெல்லாம் சேத்து பாக்கலாம்.

அடுத்தது பச்சை மட்டி. எண்ணூர்ல பாறையிலயும் தூணுலயும் ஒட்டியிருக்கும். அமெரிக்காவுல 1986லருந்து மஸ்ஸல் வாட்ச்னு கடலோரம் பூரா மட்டிய எடுத்து உலோகமும் எண்ணெயும் பாக்கறாங்க, வாத்து திங்கறத நேரா எடுத்து பாக்கற மாதிரி. உங்களுக்கு லேப் இல்லன்னா பரவால்ல, அதே தூணுல மாசா மாசம் ஒரு சாண் சதுரத்துல எத்தன உசுரோட இருக்கு, எத்தன வாய் பொளந்து கிடக்குன்னு எண்ணி போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி ஒரு லேப் கிடைச்சா அந்த நோட்டு தங்கம். போறப்போ காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் ஆளுங்க ஒருத்தர கூட கூட்டிக்கோங்க, எந்த சேத்துல கால் புதையும், எங்க வாசம் வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே தேதி போட்டு எழுதுங்க.

நோட்டு வாங்கி மொதல் பக்கத்துல தேதி, மணி, ஏத்தமா வத்தமா, காத்து எந்தப் பக்கம்னு நாலு கட்டம் போட்டு ஆரம்பிங்க. பைனாகுலர் என்கிட்ட ஒண்ணு சும்மா இருக்கு, பத்திரிகை ஆபீஸ்ல உங்க பேர சொன்னா குடுக்கச் சொல்லி வெச்சிருக்கேன், மூணு மாசம் வெச்சுக்கலாம், திருப்பித் தரும்போது நோட்டுல எழுதின பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்து கூட வெச்சு குடுங்க.